கேக் ஏறும் நாட்களில் மட்டும்

பெட்டியைத் திறந்ததும் என் மனைவி கேக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து குனிந்து நின்று அவள் ஒவ்வொன்றாக வைத்த க்ரீம் ரோஜாக்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கீழ் அடுக்கின் விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தன. பிறந்தநாள் குழந்தையின் பெயரில் கடைசி எழுத்தையே காணோம். அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் இவள் மூடியைப் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, கடைசி டச்ச இங்க வந்து குடுக்கலாம்னு விட்டு வெச்சிருக்கேன். உங்க ஃப்ரிட்ஜ்ல கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று சிரித்தபடியே சமையலறைக்குள் போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நடிப்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

வேலை முடிந்து திரும்பி வந்தவள் கார் கதவைச் சாத்திய விதமே சரியில்லை. சீட் பெல்ட்டைக்கூடப் போடாமல் ஏசி குமிழையே பார்த்தாள்.

"எப்ப அணைச்சீங்க?"

"அணைக்கவே இல்லையே!"

"நான் கண்ணசந்த நேரம் பாத்து அணைச்சிருக்கீங்க. முழிச்சப்ப உங்க கை அந்தக் குமிழ்மேலதான் இருந்துச்சு."

"காத்து சூடா வருதேன்னு கூட்டி வெச்சுப் பாத்தேன்டி. உன்மேல சத்தியமா சொல்றேன்."

"என்மேலல்லாம் சத்தியம் பண்ணாதீங்க. சனிக்கிழமை கல்யாண ஆர்டர் இருக்கு. அதுவரைக்குமாவது நான் இருக்கணும்."

நியாயமாகச் சொன்னால் அவள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஓய்வு பெறும்வரை நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன். எங்கே எது ஓடினாலும் அதன் பின்னால் ஒரு மீட்டர் சுற்றுவது என் கண்ணுக்குத் தெரியும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி தூங்கியபின் மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதும், அவள் புரண்டு படுத்தால் அவசரமாகக் கூட்டுவதுமாகப் பல வருஷம் காதும் காதும் வைத்த மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு வியர்த்தாலும் காரணம் நான்தான். ஒருமுறை ஊருக்கே மின்சாரம் நின்றபோதுகூட அவள் முதலில் என்னைத்தான் தேடினாள்.

இந்த ஹைபிரிட் காரை வாங்கியதும் அந்தப் புத்தியில்தான். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. முன்னால் இருக்கிற சின்னத் திரையில் ஒரு கார் படம் வரும். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு ஒரு அம்புக்குறி, பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு இன்னொன்று. பிரேக்கை மிதித்தால் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கே அம்புக்குறி திரும்பி ஓடும். வாழ்நாள் பூராவும் போகிற மின்சாரத்தை மட்டுமே பார்த்தவனுக்கு, திரும்பி வருகிற மின்சாரத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்! சிக்னலில் நின்றால் இன்ஜின் சத்தமே இல்லாமல் தூங்கிவிடும், ஏசி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கிய புதிதில் அந்த ஏசியையும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தேன் என்பது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் அவள் கேக் வேலையைத் தொடங்கிய பிறகு, கேக் ஏறுகிற நாளில் நான் அந்தக் குமிழைக் குறைத்ததே கிடையாது. கஞ்சனுக்கும் ஒரு மனசாட்சி உண்டு.

அதோடு, கேக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எனக்கு அப்படி ஒரு பிடிப்பு. பின் சீட்டை, உட்காருகிறவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று முதுகுப் பக்கமாகச் சரித்துச் செய்திருப்பார்கள். அதில் பெட்டியை வைத்தால் சாயாமல் என்ன செய்யும்? நான் உட்கார்ந்து யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். பழைய பஞ்சுப் போர்வை ஒன்றை நான்காக மடித்துச் சரிவில் கொடுத்து, இரண்டு பக்க ஓரமும் கீழே வரை தொங்குகிற மாதிரி இழுத்துச் செருகி, அதன்மேல் ஒரு பலகை. பலகைமேல் டம்ளரில் தண்ணீர் வைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இதைப் பார்த்து அவளே, "பரவாயில்லையே, மூளை இருக்கே!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அதைக் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது அந்தப் பயணம். வாரம் முழுக்க அவள் சமையலறையில் மிக்சரின் இரைச்சலுக்குள் இருப்பாள். நான் ஏதாவது கேட்டால், "அப்புறம், அப்புறம்" என்று கையால் சொல்வாள். அந்த அப்புறம் எல்லாம் காரில்தான் வரும். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, பக்கத்துத் தெருவில் யாரோ யாரோடோ பேசாமல் இருப்பது, முட்டை வெள்ளைக்கரு இன்று சொன்னபடி கேட்காதது என்று பேசிக்கொண்டே வந்து பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள். விடியுமுன் எழுந்தவள் அல்லவா! நான் அந்த மீதி வாக்கியத்தை யோசித்தபடி மெதுவாக ஓட்டுவேன். வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் தம்பிக்கு போன் போட்டாள். மைத்துனன் குளிர்பெட்டி வைத்த வேன் ஓட்டுகிறான், ஐஸ்கிரீம் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவன். நல்ல பையன்தான். நல்ல பையனாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். ஸ்பீக்கரில் அவன் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"இதுக்குப் போயி ஏன்க்கா கவலைப்படற? சனிக்கிழமை நான் வர்றேன். இனிமே எல்லா ஆர்டரும் நம்ம வேன்லயே போகட்டும். அத்தான் பாவம், வெயில்ல எதுக்கு அலையணும்? நிம்மதியா வீட்ல இருக்கட்டும்."

அந்த வேனில் முன்னால் இரண்டே சீட்டு. ஒன்றில் அவன், இன்னொன்றில் அவள். நான் பின்னால் ஐஸ்கிரீமோடுதான் போகவேண்டும். "சனிக்கிழமைக்குள்ள வண்டிய சரி பண்ணிக் காட்டறேன்," என்றேன். "வண்டிய சரி பண்ணிடலாம்," என்று அவள் இழுத்ததில் மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையிலேயே ஹைபிரிட் வண்டிகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். படுக்கையறை மாதிரி இருக்கிற காரை அடுத்தவரிடம் காட்டக் கூச்சப்பட்டுப் போர்வையையும் பலகையையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டேன். மெக்கானிக் வாய் ஓயாதவர். என்னை அண்ணே என்பார், என் மனைவியை அக்கா என்பார். அப்படியென்றால் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யார் ஆகிறோம் என்று அவர் யோசித்ததே இல்லை.

வெப்பமானியை ஏசி காற்று வருகிற துவாரத்தில் செருகினார். கேஸின் அழுத்தம் பார்த்தார். கையிலிருந்த சின்னக் கம்ப்யூட்டரை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி ஏதேதோ எண்களைப் படித்தார். "இந்த வண்டில கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்ல ஓடறதில்லண்ணே, பேட்டரி கரண்ட்ல ஓடுது. அதுக்குன்னு தனி ஆயில். ரோட்டோரக் கடைல கேஸ் அடிச்சு, ஆயில மாத்தி ஊத்திருப்பாங்களோன்னு பயந்தேன். அப்படி எதுவும் இல்ல." பிறகு தன் கடைக்குப் பின்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். காற்று பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்தது.

"வண்டிக்கு ஒண்ணுமே இல்லண்ணே! ராஜா மாதிரி இருக்கு!"

மற்றவர்களுக்கு அது சந்தோஷச் செய்தி. எனக்கு அது தீர்ப்பு. வண்டிக்கு ஒன்றும் இல்லை என்றால் குற்றம் யார்மேல்? வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே, "எனக்குத் தெரியுமே," என்றாள்.

உச்சி வெயிலில் நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். குளிர்ந்தது. மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினேன். குளிர்ந்தது. ஒரு பெரிய கடையின் முன்னால் வெயிலில் போட்டுவிட்டு, உள்ளே எதையும் வாங்காமல் ஒரு சுற்று சுற்றிவந்து எடுத்தேன். அப்போதும் குளிர்ந்து தொலைத்தது! கெட்டுப்போகாதா என்று ஒரு மனுஷன் தன் சொந்த வண்டியைப் பார்த்துக் கெஞ்சுவானா? நான் கெஞ்சினேன். அதைவிடக் கேவலம், எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! எனக்கே தெரியாமல் என் கை அணைத்துவிடுகிறதோ? சாப்பிடும்போது என் இடது கையை நானே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பழைய தொழில் கைகொடுத்தது. மீட்டரை யாராவது நோண்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் நாங்கள் சண்டை போட மாட்டோம். சீல் வைத்துவிட்டு வந்துவிடுவோம். மறுமுறை போகும்போது சீல் சொல்லிவிடும் யார் யோக்கியன் என்று. வியாழக்கிழமை ஒரு சின்ன கேக் போகவேண்டியிருந்தது. கிளம்புமுன் ஏசியைக் குளிர் அதிகமான இடத்தில் வைத்து, குமிழுக்கும் பட்டனுக்கும் மேலாக அவளுடைய கேக் பெட்டி ஸ்டிக்கரை நீளமாக ஒட்டி, பேனாவை நீட்டினேன்.

"என்னங்க இது கூத்து?"

"கையெழுத்து போடு. பாதி ஸ்டிக்கர்ல, பாதி வண்டிமேல வர்ற மாதிரி."

அவள் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பின்னால் போர்வை, பலகை, பெட்டி. ஏறினோம். அவள் பேச ஆரம்பித்தாள், பாதியில் தூங்கினாள். நான் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், மூக்கு அரித்தபோதுகூட எடுக்கவில்லை. பாதி வழியில் அந்தச் சனியன் பிடித்த சூடான காற்று வந்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

"இந்தா, எழுந்திரு! எழுந்து பாரு!"

அவள் திடுக்கிட்டு விழித்தாள். துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். நகத்தால் அதன் ஓரத்தைத் தடவி, கையெழுத்து சேருகிற இடத்தை மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அணைக்கல," என்றாள்.

"நான் அணைக்கல."

"அப்ப வண்டிக்குத்தான் என்னமோ."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவள் வழக்கமும் இல்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினாள். கேக் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையையும் மீறி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நல்லவேளை, சின்ன கேக், சின்னத் தூரம். உருகுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

திரும்புகிற வழியில் அவளே, "மெக்கானிக் கடைக்கு விடுங்க," என்றாள். மெக்கானிக் ஸ்டிக்கரையும் கையெழுத்தையும் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு, "கேக் இருந்தாத்தான் வருதா? அப்ப கேக்கோட ஓட்டிப் பாப்போம்," என்றார். கேக் ஏது? காலிப் பெட்டிக்குள் அவர் கடையில் கிடந்த பழைய இரும்புச் சாமான்களைப் போட்டுப் பலகைமேல் வைத்தோம். அதன் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் மெக்கானிக் ஒருக்களித்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் நாங்கள் இருவரும். நானோ, பலகையின் சமநிலைபற்றியும் தண்ணீர் டம்ளர்பற்றியும் அவருக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினேன்.

நகரத்தின் பாதியைத் தாண்டியபோது அவர் என் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"பேட்டரி சூடு ஏறிட்டே போகுதுண்ணே. அதுதான் ஏசிக்குக் கரண்டக் குறைக்குது, தன்னைக் காப்பாத்திக்க. ஆனா ஏன் ஏறுதுன்னு தெரியல. ஆமா, பின்னால என்ன சத்தம்?"

"எது, அந்த உய்ங்குன்னு ஒரு சத்தமா? அது கேக் ஏத்தற நாள்ல எப்பவும் வரும்," என்றேன். "வெயிட்டுக்கு வருது போல."

என் மனைவி சட்டென்று திரும்பிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். "இது வெயிட்டு இல்ல. நம்ம ஃப்ரிட்ஜ சுவத்தோட ஒட்டித் தள்ளி வெச்சா பின்னால ஃபேன் இப்படித்தான் கத்தும். மூச்சு முட்டற சத்தம் இது. வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். நான் அழகாக இழுத்துச் செருகி வைத்திருந்த போர்வையின் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று உருவினாள். பின் சீட்டின் பக்கவாட்டில், கதவுக்கு அருகே, சின்ன ஜன்னல் மாதிரி கம்பி கம்பியாக ஒரு மூடி. அதன் இடுக்கெல்லாம் பஞ்சு. என் போர்வையின் நிறத்திலேயே பஞ்சு. போர்வை விலகியதும் அந்தச் சத்தம் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

மெக்கானிக் தொடையில் அடித்துக்கொண்டார். "அண்ணே! பேட்டரி இந்த சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு. உள்ள இருக்கற ஜில் காத்த இந்த ஓட்டை வழியாத்தான் இழுத்துத் தன்னைக் குளிரவெச்சுக்கும். நீங்க அது மூக்கப் பொத்தி, மேல போர்வையும் போத்தி விட்டிருக்கீங்க! நானும் அன்னைக்கு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல, பாருங்க."

என் முகத்தில் அசடு வழிந்தது. வழியாமல் என்ன செய்யும்? அத்தனை நாள் நான் நிரபராதி என்று கத்திக்கொண்டிருந்தேன். சீல் வைத்து நிரூபித்தும் காட்டினேன். கடைசியில் குற்றவாளி நானேதான், அதுவும் நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த ஒரே வேலையில். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளோ போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடைபாதையில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக் ஆடக்கூடாதுன்னுதானே வெச்சீங்க," என்றாள், சிரிப்புக்கு நடுவில். மறுபடி சிரித்தாள். "போதும், ஏறுங்க. முகத்தத் தூக்கி வெச்சுக்காதீங்க."

சனிக்கிழமை காலை மைத்துனனின் போன் வந்தபோது அவள் கையெல்லாம் க்ரீம். நான்தான் போனை எடுத்து அவள் காதில் வைத்தேன். "வேன் கழுவி ரெடியா நிக்குதுக்கா, வரட்டுமா?" என்றான். அவள் கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம்டா, உங்க அத்தான் கூட்டிட்டுப் போறாரு," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெக்கானிக் அந்தக் கம்பி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபேனிலிருந்து ஒரு தலையணை நிரப்புகிற அளவுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்திருந்தார். போர்வைக்கு இனிமேல் பின் சீட்டில் இடமில்லை. கீழ் அடுக்குகளை, மூடியை மறைக்காமல் ஆப்பு கொடுத்து நிறுத்திய பலகையில் ஏற்றினோம். மேல் அடுக்குக்குத்தான் வழியில்லை. ரோஜாக்கள் முழுக்க அதில்தான் இருந்தன. "அத நான் மடியில வெச்சுக்கறேன்," என்று அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். பக்கத்து சீட் காலியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். போர்வையை மடித்து அதில் வைத்தேன்.

ஆனால் அவள் தூங்கவில்லை. கேக் மடியில் இருக்கும்போது எப்படித் தூங்குவாள்? முன்பெல்லாம் பாதியில் நின்றுபோன கதைகள் எல்லாம் அன்று முடிவுவரை வந்தன. பள்ளிக்கூடத்தில் அடித்த டீச்சர் பிற்பாடு அவளைத் தேடிவந்து மிட்டாய் கொடுத்தாராம். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது. நடுநடுவே ஒரு கையை அந்தக் கம்பி மூடியின் பக்கம் நீட்டிப் பார்த்து, "இழுக்குது, இழுக்குது," என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி வழி போனது. முக்கால் வழி போனது. காற்று குளிர்ந்துகொண்டே இருந்தது. பெரிய சிக்னலில் நின்றோம். இன்ஜின் தூங்கியது. திரையில் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் கிளம்பி ஓடியது.

"என்னங்க."

"சொல்லு."

"ரொம்பக் குளிருது. கொஞ்சம் குறைங்களேன்."

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "சீல் இருக்கு."

"விளையாடாதீங்க, பல்லு தந்தி அடிக்குது."

"அதிகாரி கையெழுத்து இருக்கும்மா. நான் தொட்டா பேரு கெட்டுப்போயிடும்."

"அந்த அதிகாரியேதான் சொல்றேன்."

"எழுத்துல குடுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் முன்னால் எட்டி அந்தக் குமிழைப் பிடிக்கப் பார்த்தாள். மடியில் கேக், கை எட்டவில்லை. "இருங்க, வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு," என்று முணுமுணுத்துவிட்டுச் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். "அந்தக் குத்தவாளிய இங்க எடுங்க."

போர்வையை எடுத்துக் கொடுத்தேன். கம்பி மூடியை மறைக்காதபடி அதன் ஓரத்தை மடித்துச் செருகி, தோளைச் சுற்றிக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சிக்னல் எப்போதோ மாறியிருந்தது. கண்ணாடியில் போர்வைக்குள்ளிருந்து அவள் முகமும், அதற்குக் கீழே கேக் பெட்டி மூடியின் கண்ணாடித்தாள் வழியாக ரோஜாக்களும் தெரிந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை.